குசினி பல்ப் மட்டும் பியூஸ் போகேல்லை

எங்கட வீட்டு ஹோல் அலுமாரிக்கு மேலே ஒரு பெரிய பிஸ்கட் ரின் இருக்கிறது. மாமி கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. மற்ற வீடுகளில் இப்படியான ரின்னுக்குள் ஊசியும் நூலும் இருக்கும். எங்கட வீட்டில் பியூஸ் போன பல்புகள். அப்பா ஒன்றையும் எறிய விடமாட்டார். "வை பிள்ளை, பிறகொருக்கால் கொழுவிப் பாப்பம். சிலது திரும்ப எரியும்" என்பார். எனக்கு 24 வயது. அந்த ரின்னுக்குள்ளிருந்து ஒன்று திரும்ப எரிந்ததை நான் இதுவரை காணவில்லை.

2025 தைப்பொங்கலுக்கும் சித்திரை வருசப்பிறப்புக்கும் இடையில் மட்டும் 11 பல்புகள் அந்த ரின்னுக்குள் போயின. ஒரு எல்ஈடி பல்ப் சும்மா வராது. பெட்டியில் 15,000 மணித்தியாலம் என்று போட்டிருக்கும். ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் எரித்தால் எட்டு வருசம் வரவேண்டும். எங்கட விறாந்தையில் ஒன்று ஒன்பதாவது நாள் போனது.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கம் இருந்தது. அம்மாவுக்கு அது மலிவுச் சாமான். "சந்தைக்குள்ள பாய் விரிச்சு விக்கிறவனிட்ட வாங்கினா இப்படித்தான்." அதற்காக ஒருமுறை விலை கூடியதையே வாங்கினோம். அது 20 நாள் எரிந்தது.

மாசி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். கரண்ட் திரும்ப வந்த அந்த இரவு எங்கட ஹோலில் இரண்டு பல்ப் ஒன்றாகப் போனது. பிறகு கொஞ்ச நாள் எல்லாப் பழியும் குரங்குக்கு.

தம்பிக்கு அது உலகச் சதி. அவன் பார்த்த வீடியோ ஒன்றில், கம்பனிகள் வேண்டுமென்றேதான் பல்பைக் கெதியாகப் பழுதாக்குகின்றன என்று சொன்னார்களாம். நான் சிரித்தேன். தேடிப் பார்த்தால் அவன் சொன்னதில் பாதி உண்மை. 1924இல் ஜெனீவாவில் பெரிய பல்ப் கம்பனிகள் கூடி 'பீபஸ்' என்று ஒரு கூட்டணி வைத்தன. ஒரு பல்ப் 1,000 மணித்தியாலத்துக்கு மேல் எரியக்கூடாது என்பது அவர்களுடைய உடன்பாடு. கூட எரிகிற பல்ப் செய்த கம்பனிக்குத் தண்டப்பணம். இன்னொரு பக்கம் கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் கொழுவிய பல்ப் ஒன்று இன்னும் எரிகிறது. தம்பி அதைக் காட்டிக் காட்டிச் சொன்னான்: "பாத்தியே அக்கா, செய்ய நினைச்சா செய்யலாம்."

ஆனால் அந்த லிவர்மோர் பல்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் வாசித்தபோதுதான் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. அது இப்போது ஏறத்தாழ 4 வாற் வெளிச்சம்தான் தருகிறது. மங்கிப்போன ஒரு செம்மஞ்சள் பொட்டு மாதிரி. இழை மெதுவாக எரிகிறது, அதனால் நீண்ட காலம் எரிகிறது. அதை அணைப்பதும் மிகக் குறைவு. இழை பல்புக்கு வோல்ற்றேஜ் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 5 சதவீதம் குறைந்தால் இரட்டிப்பாகும். கம்பனி, சதி, சந்தை எல்லாவற்றையும் விட, பல்புக்குள் எவ்வளவு வோல்ற்றேஜ் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. எங்கட வீட்டில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார் என்றும் சொல்லலாம். அப்பாச்சி.

அப்பாச்சி விடிய நாலரைக்கு எழும்பிச் சாமி அறையில் இருப்பார். அங்கே பிள்ளையார் படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்புக் குமிழ் ஒன்று, பழைய இழை பல்ப், இரவும் பகலும் எரியும். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "காலமை கொம்மா கேத்தில் போடேக்கை சாமி லைற் நல்ல பிரகாசமா வருகுது. கேத்தில் நிண்ட உடனை பழையபடி மங்கிப்போகுது." நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தம்பி, "பிள்ளையாருக்கும் தேத்தண்ணி விருப்பம் போல" என்றான். நான் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவள். கேத்திலைப் போட்டால் வெளிச்சம் மங்கவேண்டும், கூடக்கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் அப்பாச்சிக்குக் கண் தெரியவில்லை என்று முடிவெடுத்தேன். கேத்திலைப் போட்டுவிட்டு ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அப்பாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவருடைய பதில் எப்பவும் ஒன்றுதான்: "கரண்ட் வாறதே பெரிய விசயம்."

இதை நான் நெடுகக் கோபத்தோடுதான் கேட்டிருக்கிறேன். பிரிட்ஜுக்குப் போட்ட காட் காலையில் சிவப்பு லைற் காட்டி அடிக்கடி பிரிட்ஜை நிறுத்தியது. "காட் பழுதாப் போச்சு" என்று அப்பா அதைக் கழற்றிவிட்டு நேரே பிளக்கில் கொழுவினார். விறாந்தை எல்ஈடி சுவிச்சை நிறுத்திய பிறகும் இரவில் மெல்லிசாக மினுங்கும். தம்பி அதற்குப் 'பேய் லைற்' என்று பெயர் வைத்தான். அப்பா, "அது அப்பிடித்தான், புதுச் சாமான்" என்றார். கிணற்று மோட்டர் போன வருசம் ஒருமுறை எரிந்தது. கட்டக் கொடுத்தோம், வந்தது, பூட்டினோம். ஏன் எரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா 1992இல் சாதாரண தரம் எழுதினவர். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயும் தடைப்பட்ட சாமான், கிடைத்தால் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டு எரிக்கிற ஒரு விளக்கு. அந்தத் தலைமுறையில் ஆரைக் கேட்டாலும் அந்த ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்லுவார்கள். அப்பா அதில் படித்தார். பற்றரியும் தடை. இரவு பிபிசி தமிழோசை கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அப்பா கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கரண்ட் போகும். அப்பப்பா செய்தி கேட்பார். 1995 ஐப்பசி 30 இடப்பெயர்வில் எல்லாரோடும் சேர்ந்து தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் ஏழாலைக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் சுவரும் கூரையும் இருந்தன. சுவருக்குள் இருந்த வயர் இல்லை.

அப்படி இருந்த ஒருவரிடம் போய், "அப்பா, பல்ப் கெதியா எரியுது" என்று முறைப்பாடு சொன்னால் அவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டியபோது நாங்கள் பைத்தியம் பிடித்த மாதிரித் திரிந்தோம். அப்பா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அவருக்கு அது பழகின இருட்டு.

ஆனால் பழகிப்போவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை நான் மாசிக் கடைசியில் ஒரு பின்னேரம் விளங்கிக்கொண்டேன்.

விறாந்தை பல்ப் திரும்பவும் போயிருந்தது. மாற்றுவது நான்தான். சுவிச்சை நிறுத்தினேன். மேசையில் ஏறினேன். இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் பழையதைக் கழற்றினேன். மாரி ஈரம் இன்னும் காயாத சுவர். ஹோல்டருக்குள் இருக்கிற இரண்டு முள்ளில் ஒன்று உள்ளே போய்ச் சிக்கியிருந்தது. சுவிச் நிறுத்தித்தானே இருக்கு என்று விரலால் நெம்பினேன்.

கரண்ட் அடித்தது. 'ஷொக்' என்ற சொல்லை நாங்கள் சும்மா எல்லாத்துக்கும் பாவிக்கிறோம். வலது கையிலிருந்து நெஞ்சுக்கு ஊடாக இடது கைக்கு ஆரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்தது. மேசையிலிருந்து விழுந்தேன். விழுந்தபடியால் கை விட்டது. அம்மா ஓடிவந்து குழறினா. அப்பா ஓடிவந்து முதலில் சுவிச்சைப் பார்த்தார். நிறுத்தித்தான் இருந்தது. மெயின் போர்ட்டில் ட்ரிப் சுவிச்சைப் பார்த்தார். அது விழவில்லை. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழவேண்டிய சுவிச்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவுமில்லை.

அடுத்த நாள் நான் செய்த முதல் வேலை, கலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு எந்த பல்ப் எப்போது போனது என்று எழுதியதுதான். அம்மா பல்ப் வாங்கிய நாளெல்லாம் கலண்டரில் கணக்கு எழுதி வைத்திருந்தபடியால் சுகமாக இருந்தது. ஹோல் 4. விறாந்தை 3. சாமி அறை 2. அப்பாச்சியின் அறை 2. குசினி, பூச்சியம். குசினிக்குப் பக்கத்தில் இருக்கிற களஞ்சிய அறை, பூச்சியம்.

குசினியில் இருப்பது மூன்று வருசத்துக்கு முன் கொழுவிய, எண்ணெய்ப் புகை படிந்த, வீட்டிலேயே மலிவான பல்ப். அது மட்டும் பியூஸ் போகவில்லை. மலிவுச் சாமான் என்ற அம்மாவின் விளக்கம் அந்த இடத்தில் முடிந்தது. குரங்கும் சதியும் அப்படியே. குரங்கு ஹோலுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என்று பார்த்துப் பாயாது.

பெரியப்பாவின் மகன், அண்ணா, சுன்னாகத்தில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். அவரிடம் மல்ரிமீற்றர் இருந்தது. எங்கட வீட்டிலும் ரெஸ்ரர் ஒன்று இருக்கிறது. ஆனால் ரெஸ்ரர் கரண்ட் இருக்கா இல்லையா என்று மட்டும்தான் காட்டும். 190 வோல்ற் என்றாலும் 290 வோல்ற் என்றாலும் அதற்குள் இருக்கிற சின்ன லைற் ஒரே மாதிரித்தான் எரியும். அண்ணா ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். ஹோல் பிளக்கில் பார்த்தார்: 234. குசினியில்: 230. நல்ல கரண்ட். இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில் இருந்தால் சரி.

"ஒரு பிரச்சினையும் இல்லையே" என்றார் அண்ணா.

அப்போது அப்பாச்சி சாமி அறையிலிருந்து சொன்னார்: "கேத்திலைப் போட்டுப் பார் தம்பி."

அம்மா கேத்திலைப் போட்டார். குசினி 191க்கு இறங்கியது. ஹோல் 254க்கு ஏறியது. சாமி அறைச் சிவப்புக் குமிழ் பளிச்சென்று கூடியது. இடைக்கிடை எண் நிற்காமல் துள்ளியது. ஒருமுறை 290ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. அண்ணா மீற்றரைக் கையில் வைத்தபடி அப்பாச்சியைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

இப்போது கொஞ்சம் பௌதிகம். பயப்படவேண்டாம், பாடசாலையில் செய்த கணக்குத்தான்.

சாதாரண வீட்டுக்கு இரண்டு வயர் வரும். ஒரு பேஸ், ஒரு நியூற்றல். எங்கட வீட்டுக்கு நாலு வயர். மூன்று பேஸ், ஒரு நியூற்றல். காரணம், அப்பப்பா வளவுக்குள் மில் நடத்தியவர். அரிசி மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற மில். அந்த மோட்டருக்காக எடுத்த திறீ பேஸ் கரண்ட். அப்பப்பா போய், மோட்டரையும் வித்து, மில் கொட்டில் விறகு அடுக்குகிற இடமாகிவிட்டது. கரண்ட் மட்டும் அந்தக் கொட்டிலுக்குள் இருக்கிற பழைய மெயின் சுவிச் பெட்டிக்கு ஊடாகத்தான் இன்னும் வீட்டுக்கு வருகிறது. ஒரு பேஸ் ஹோல், விறாந்தை, அறைகளுக்கு. ஒரு பேஸ் குசினிக்கும் களஞ்சிய அறைக்கும். ஒரு பேஸ் கிணற்று மோட்டருக்கு.

ஒரு பேஸுக்கும் நியூற்றலுக்கும் இடையில் 230 வோல்ற். ஆனால் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் இடையில் 400 வோல்ற். மூன்று பேஸுக்கும் திரும்பிப் போகிற பொது வழி நியூற்றல். அந்த வழி ஒழுங்காக இருக்கும்வரை ஹோலும் குசினியும் தங்கட தங்கட பாட்டில் இருக்கும். அந்த நியூற்றல் எங்கேயாவது கழன்றுபோனால் கரண்ட் வேறு வழியால் திரும்பும். ஹோலும் குசினியும் தொடராக இணைந்து, 400 வோல்ற்றைத் தங்களுக்குள் பங்குபோடும். பங்கு சமனாக இருக்காது. குசினியில் 1,000 வாற் அயன்பொக்ஸும் ஹோலில் மொத்தம் 100 வாற் இழை பல்புகளும் என்று வையுங்கள். முதலாவதின் தடை 53 ஓம். இரண்டாவதின் தடை 529 ஓம். கணக்குப் போட்டால் அயன்பொக்ஸுக்கு 36 வோல்ற், பல்புகளுக்கு 364 வோல்ற். கூட இழுக்கிற பக்கத்துக்குக் குறைய, குறைய இழுக்கிற பக்கத்துக்குக் கூட. அதனால்தான் கேத்திலைப் போட்ட குசினி பல்ப் பிழைத்தது, ஹோல் பல்ப் செத்தது.

எங்கட வீட்டில் நியூற்றல் முழுதாக அறவில்லை. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு நின்றது. அது எங்கே என்பதுதான் மிச்சக் கேள்வி.

வயரிங் செய்கிற அண்ணை அன்று பின்னேரமே வந்தார். பக்கத்து வீடுகளிலும் இப்படி இருக்கோ என்று முதலில் கேட்டார். இல்லை. "அப்ப பிழை வளவுக்குள்ள" என்று சொல்லிவிட்டு நேரே மில் கொட்டிலுக்குப் போனார். மெயினை நிறுத்தினார். நிறுத்தினாலும் மீற்றரிலிருந்து வருகிற பக்கத்தில் கரண்ட் இருக்கும், ஆரும் கிட்ட வரவேண்டாம் என்றார். பெட்டியின் மூடியைத் திறந்தார்.

முதலில் வந்தது வாசம். மிளகாய்த்தூள் வாசமும் எரிந்த ரப்பர் வாசமும். பெட்டிக்குள் மூலையெல்லாம் பழைய மாத்தூள் கட்டிபட்டு இருந்தது. அதற்கு நடுவில் நியூற்றல் வயரைப் பூட்டுகிற பித்தளைக் கட்டை. அதில் ஒரு ஸ்குரூ கறுத்து, வயரின் உறை ஒரு விரல் நீளத்துக்கு உருகி வழிந்து, பின்பக்கப் பலகை கரியாகி இருந்தது. மோட்டர் வருசக்கணக்காக அதிர்ந்து அதிர்ந்து அந்த ஸ்குரூ இளகியிருக்கிறது. இளகின இடத்தில் சூடு. சூட்டில் இன்னும் இளக்கம். கேத்தில் போடுகிற நேரம் அந்த ஸ்குரூவுக்கு ஊடாக ஏறத்தாழ 5 அம்பியர் போயிருக்கும். அந்த இடத்தில் 40 வோல்ற் அளவில் விழுந்திருக்கும். பெருக்கினால் 200 வாற். அண்ணா கடையில் ஈயம் உருக்குகிற அயன் 60 வாற்.

அந்தப் பெட்டிக்குக் கீழே நாங்கள் காவோலையும் விறகும் அடுக்கி வைத்திருந்தோம். மத்தியானத்தில் வெயில் கூடினால் அப்பாச்சி பாயைப் போட்டுப் படுக்கிறதும் அந்தக் கொட்டிலுக்குள்தான்.

அப்பா கன நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே நின்றார். பிறகு சொன்னார்: "98இல நானும் அப்புவும்தான் இதைப் பூட்டினது. அந்த ஸ்குரூவை இறுக்கினது நான்."

அதற்குப் பிறகு அவராகவே சொன்னது எனக்கு இன்னும் கூட ஆச்சரியம். "சைக்கிளில முன் லைற் போனா பின் லைற்றும் கொஞ்ச நேரத்தில போயிடும். டைனமோ குடுக்கிற கரண்டை இரண்டு பல்ப் பங்குபோடும். ஒண்டு போனா மற்றதுக்கு வோல்ற்றேஜ் ஏறிடும். பள்ளத்தில வேகமா இறங்கினாலும் அப்பிடித்தான். அந்த நாளில பல்ப் கிடைக்காது, அதாலை மெதுவாத்தான் ஓடுறது. எனக்கு இது தெரியும் பிள்ளை." கொஞ்சம் பொறுத்து, "தெரிஞ்சும் யோசிக்கேல்லை" என்றார்.

அப்பாவுக்குத் தெரியாத விசயம் இல்லை அது. கையால் டைனமோ சுற்றி வோல்ற்றேஜைப் பழகினவர் அவர். இல்லாமல் இருந்து வந்தவர்களுக்கு, வந்ததைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட வேலை மாதிரித் தோன்றும் போல. ரோட்டு, தண்ணி, பஸ், கம்பஸ் எல்லாத்திலும் எங்கட வீடுகளில் இந்தக் குரல் இருக்கிறது. 'முந்தி இதுவும் இல்லை.' அந்தக் குரலில் பிழை இல்லை. ஆனால் இளகின ஸ்குரூவுக்கு எங்கட கடந்தகாலம் தெரியாது. அது தன்பாட்டில் சூடாகிக்கொண்டே இருக்கும்.

அப்பாவை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. கேத்திலுக்கும் சாமி லைற்றுக்கும் இருந்த தொடர்பைக் கண்டுபிடித்தது அப்பாச்சி. உண்மையைச் சொன்ன இன்னொன்று பிரிட்ஜ் காட். ஒன்றைப் பார்த்துச் சிரித்தோம், மற்றதைக் கழற்றி வைத்தோம். சிரித்தவர்களில் பௌதிகம் படித்தவள் நான்.

வயரிங் அண்ணை கருகின வயரை வெட்டி எறிந்து, புதுப் பெட்டி பூட்டி, நியூற்றல் கட்டையை மாற்றி இறுக்கினார். எனக்கு ஏன் கரண்ட் அடித்தது என்பதையும் காட்டினார். விறாந்தையிலும் அப்பாச்சியின் அறையிலும் சுவிச்சைப் பேஸ் வயரில் வைக்காமல் நியூற்றல் வயரில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சுவிச்சை நிறுத்தினால் பல்ப் அணையும். ஆனால் ஹோல்டருக்குள் கரண்ட் அப்படியே நிற்கும். எங்கட 'பேய் லைற்' மினுங்கியதும் அதனால்தான். ட்ரிப் சுவிச்சில் இருக்கிற ரெஸ்ட் பட்டனை அமத்திக் காட்டினார். விழவில்லை. உள்ளுக்குள் இறுகிச் செத்து எவ்வளவு காலமோ தெரியாது. அதையும் மாற்றினோம். எல்லாச் செலவும் சேர்ந்து 11 பல்பின் காசை விடக் கூடத்தான். அம்மா கலண்டரில் எழுதும்போது ஒன்றும் சொல்லவில்லை.

இதை வாசிக்கிற உங்கட வீட்டிலும் பல்ப் அடிக்கடி போனால், புதுசு வாங்க முதல் எங்கே, எப்போது போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். ஒரே ஹோல்டரில் மட்டும் போனால் பிழை பெரும்பாலும் அந்த ஹோல்டரில் இருக்கும். முள் இளகியிருக்கலாம், கறல் பிடித்திருக்கலாம், கடற்கரைப் பக்க வீடு என்றால் உப்புக்காற்று கெதியாகவே தின்றுவிடும். மூடின கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிற எல்ஈடி மட்டும் போனால் சூடுதான் காரணமாக இருக்கலாம். எல்ஈடியில் முதலில் சாவது வெளிச்சம் தருகிற பகுதி இல்லை, அடியில் இருக்கிற சின்னச் சுற்று. அதற்குக் காற்றுப்பட வேண்டும். இடி மின்னலுக்குப் பிறகு ஒன்றாகப் பல சாமான் போனால் அது வேறு கதை. ஆனால் வீட்டின் ஒரு பக்கம் மட்டும் போகிறதா, ஒரு சாமானைப் போட்டால் இன்னொரு இடத்தில் வெளிச்சமோ காற்றாடியின் வேகமோ கூடுகிறதா, உடனே பயப்படுங்கள். அது நியூற்றல். பிரிட்ஜையும் ரீவியையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, மெயினை நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீடுகளிலும் அப்படி என்றால் பிழை வெளி லைனில். மின்சார சபைக்கு 1987இல் அறிவியுங்கள்.

மெயின் பெட்டியையும் மீற்றரையும் நீங்களாகத் திறக்க வேண்டாம். வீடியோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ட்ரிப் சுவிச்சின் ரெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது, திரும்பத் தூக்கிவிடலாம். விழாவிட்டால் மாற்றுங்கள். பல்ப் மாற்றும்போது சுவிச்சை நம்ப வேண்டாம், மெயினை நிறுத்துங்கள். இதை நான் மேசையிலிருந்து விழுந்து படித்தேன். நீங்கள் வாசித்துப் படிக்கலாம்.

எங்கட வீட்டில் இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அந்தப் பட்டனை அமத்துவது அப்பா. கரண்ட் நின்றவுடன் தம்பி அறைக்குள்ளிருந்து கத்துவான். அப்பா சிரித்துக்கொண்டே தூக்கிவிடுவார். வைகாசிக்குப் பிறகு பிஸ்கட் ரின்னுக்குள் ஒரு பல்பும் போகவில்லை. பழையவை அப்படியே இருக்கின்றன. அவற்றை எறிகிற கதையை அப்பா இன்னும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பாச்சிக்கு மட்டும் சின்னக் குறை. போன கிழமை விடிய, அம்மா கேத்தில் போட்டபோது சாமி அறையிலிருந்து குரல் கேட்டது:

"இப்ப பிள்ளையாரிட்ட ஒரு மாற்றமும் தெரியுதில்லை."